இரண்டாம் திரை பட்ட பாடு

இரண்டாவது மானிட்டரை மேசையின் வலப்பக்கம் வைத்திருப்பீர்கள். லினக்ஸ் மட்டும் அது இடப்பக்கம் இருப்பதாகச் சத்தியம் செய்யும். மவுஸை வலது ஓரத்தில் எவ்வளவு முட்டினாலும் சுவர்தான். இடது ஓரத்தில் தள்ளினால் சாவகாசமாக வலது மானிட்டரில் வந்து நிற்கும். செட்டிங்ஸைத் திறந்து பெட்டியை இழுத்து வைத்தால் சரியாகிவிடும் என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பெட்டி வருவதற்குள் ஒரு தலைமுறைக்கு முடி நரைத்துவிட்டது. குலமுறை கிளத்திவிடுவோம்.

மூலபுருஷர் பாப் ஷைஃப்லர். இடம் எம்.ஐ.டி., வருடம் 1984. ஸ்டான்ஃபோர்டில் எழுதிய 'டபிள்யூ' என்ற விண்டோ சிஸ்டம் அவர் கைக்கு வந்தது. அதன் கோடில் கணிசமான பகுதியை உருவிக்கொண்டு, இரண்டு வாரம்போல உட்கார்ந்து, வாக்ஸ்டேஷன் 100 என்ற கிராஃபிக்ஸ் டெர்மினலுக்குப் புதிதாக ஒரு விண்டோ சிஸ்டம் எழுதினார். உருவியதை மறைக்கவில்லை, சக ஊழியர்களுக்கு அனுப்பிய மெயிலிலேயே சொல்லிவிட்டார். பெயருக்கும் மெனக்கெடவில்லை. டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ், முடிந்தது. அடுத்த மூன்று வருடத்தில் பதிப்பு மேல் பதிப்பாகப் போட்டுக் கிடுகிடுவென்று 1987 செப்டம்பரில் பதினொன்றைத் தொட்டார்கள். எக்ஸ்11. பன்னிரண்டுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

ஒரே திரையை நினைத்து எழுதியதால் வந்த வினை என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்11 எழுதியவர்கள் பல திரைகளுக்கு முதல் நாளிலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதனால்தான் வினையே வந்தது. முதல் திரைக்கு :0.0, இரண்டாவதற்கு :0.1 என்று தனித்தனிக் கதவிலக்கம். பாகம் பிரித்து நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிய வீடு மாதிரி: மவுஸ் அந்தப் பக்கம் போய் நலம் விசாரித்துவிட்டு வரலாம், கையோடு ஒரு விண்டோவைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. முதல் திரையில் திறந்த எடிட்டர் முதல் திரையிலேயே பிறந்து அங்கேயே சாகும். பிரவுசர் இன்னும் மோசம். இந்தத் திரையில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் திரையில் இன்னொன்றைத் திறந்தால், "நான்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேனே" என்று கோபித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு எக்ஸ் ஆட்கள் வைத்த செல்லப் பெயர் 'ஜேஃபாட் மோட்'. டக்ளஸ் ஆடம்ஸ் கதையில் வரும் இரண்டு தலை, மூன்று கை ஆசாமி ஜேஃபாட் பீபிள்பிராக்ஸ். சில டிரைவர்களின் கையேட்டில் 'ஜேஃபாட்ஹெட்ஸ்' என்றே ஓர் ஆப்ஷன் இருக்கிறது. கதையில் அவர் கேலக்ஸிக்கே ஜனாதிபதி. இங்கே அவரால் ஒரு கடிகார விண்டோவைப் பக்கத்துத் திரைக்கு நகர்த்த முடியவில்லை.

இதையெல்லாம் லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர்கள் எக்ஸ்ஃப்ரீ86 குழுவினர். இரண்டு மானிட்டர் வேண்டும் என்று அவர்களிடம் போனால் கையில் ஒரு வெற்று ஃபைலைக் கொடுத்து, எழுதிக்கொண்டு வா என்பார்கள். மானிட்டருக்கு ஒரு பிரிவு, கார்டுக்கு ஒரு பிரிவு, இரண்டையும் முடிச்சுப் போட ஸ்கிரீன் என்று ஒரு பிரிவு. எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதியபின், யார் யாருக்கு வலப்பக்கம் என்று சொல்ல சர்வர்லேஅவுட் என்று இன்னொன்று. இதில் கார்டின் பஸ் முகவரியைக் குறிப்பிட வேண்டும். அந்த முகவரியைத் தெரிந்துகொள்ள ஒரு கமாண்டு உண்டு. அது பதினாறடிமான எண்ணில் சொல்லும். ஃபைலோ பத்தடிமான எண்ணைத்தான் ஏற்கும். கமாண்டு 0ஏ என்றால் ஃபைலில் 10. இது தெரியாமல் 0ஏ என்று எழுதிவிட்டு ராத்திரி முழுக்கக் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியவர்கள் உண்டு.

இதெல்லாம் முன்னுரை. நிஜமான பரீட்சை மோட்லைன். 1024-க்கு 768 என்ற சாதாரணத் திரைக்கு எழுத வேண்டியது இது: 65.00, 1024, 1048, 1184, 1344, 768, 771, 777, 806. கோயில் கல்வெட்டு இல்லை. முதல் எண், ஒரு விநாடிக்கு எத்தனை மில்லியன் புள்ளி என்பது. 1024 கண்ணுக்குத் தெரியும் அகலம். அப்படியானால் 1344 எங்கிருந்து வந்தது? பழைய குண்டு மானிட்டரில் ஒரு எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரியை வரைந்துவிட்டு, மறுபடி இடப்பக்கம் திரும்பி வர வேண்டும். அது திரும்பி வரும் நேரத்தையும் புள்ளிக் கணக்கில் எழுதினால் 1344. மேலிருந்து கீழே போய்த் திரும்புவதற்கும் அதே கணக்கில் 806. 1344-ஐ 806-ஆல் பெருக்கி, 65 மில்லியனை அதனால் வகுத்தால் 60 வரும். விநாடிக்கு அறுபது தடவை. ஒரு மானிட்டரை ஆன் செய்ய இவ்வளவு கணக்கு.

கணக்கு தப்பினால் மார்க் போவதோடு நிற்காது, மானிட்டரே போய்விடலாம் என்று பயமுறுத்தல் வேறு. மானிட்டர் தாங்காத வேகத்தைக் கொடுத்தால் உள்ளே புகைந்துவிடும் என்று கையேடுகள் எச்சரித்தன; அந்தக் காலத்துச் சில மானிட்டர்கள் விஷயத்தில் அது வெறும் மிரட்டலும் இல்லை. எந்த வேகம் தாங்கும் என்பது மானிட்டரோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். புத்தகம் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

எல்லாம் எழுதி முடித்து எக்ஸைக் கிளப்பினால், திரை ஒரு தடவை கண்சிமிட்டிவிட்டுக் கறுப்பாகும். வெள்ளை எழுத்தில் ஒரு வரி வரும்: திரை எதுவும் காணப்படவில்லை. அதைப் படிப்பதே ஒரு திரையில்தான். பக்கத்தில் இன்னொன்று சும்மா நின்றுகொண்டிருக்கும்.

1999-ல் மேட்ராக்ஸ் கம்பெனி ஜி400 என்று ஒரே கார்டில் இரண்டு மானிட்டர் மாட்டும் வசதி கொண்டுவந்தது. 2000-ல் வந்த எக்ஸ்ஃப்ரீ86 4.0-ல் சினராமா சேர்ந்தது. ஆங்கிலத்தில் எக்ஸில் ஆரம்பிக்கும் இந்தச் சினராமாவின் பெயர், 1952-ல் நியூயார்க்கில் மூன்று புரொஜெக்டரை வைத்து ஒரே படத்தை வளைந்த திரையில் காட்டினார்களே, அந்தச் சினராமாவை நினைவூட்டுவது. மூன்று படமும் சேரும் இடத்தில் கோடு தெரியும் என்பது அதன் குறை. வாரிசு அந்தக் குறையைப் பத்திரமாகக் காப்பாற்றியது. சுவரை இடித்து இரண்டு திரையையும் ஒரே பெரிய திரையாக்கிவிட்டார்கள், விண்டோவை எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். ஆனால் இந்தச் சேதி எட்டாத புரோகிராம்கள் எல்லாவற்றையும் பெரிய திரையின் நட்டநடுவில் வைத்தன. நட்டநடு என்பது இரண்டு மானிட்டருக்கும் இடைப்பட்ட பிளாஸ்டிக் சட்டம். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கும் பெட்டியில் 'ஆம்' ஒரு மானிட்டரில், 'இல்லை' அடுத்ததில். போதாக்குறைக்கு முப்பரிமாண வேகம் படுத்துவிட்டது. மானிட்டரைக் கழற்றினால் அது கழன்றதே எக்ஸுக்குத் தெரியாது. ஃபைலில் இருக்கிறதென்றால் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் குடும்பத்தில் சண்டை. 2003-ல் கீத் பேக்கார்டை எக்ஸ்ஃப்ரீ86 தலைமைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 2004-ல் லைசென்ஸை மாற்றினார்கள். அது பிடிக்காமல் லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் கூட்டத்தோடு கிளம்பி எக்ஸ்.ஆர்க் என்ற மாற்றுக் குழுவின் பக்கம் போய்விட்டன. எக்ஸ்ஃப்ரீ86 காலியான பந்தலில் கொஞ்ச காலம் தனியாக நின்றது. வெளியே அனுப்பப்பட்டவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, இங்கே கூத்தாடிகள் கார்டு கம்பெனிகள். என்விடியா ட்வின்வியூ என்று தனிக்கடை போட்டது. இரண்டு மானிட்டரையும் டிரைவருக்குள்ளேயே ஒட்டிவைத்துவிட்டு, எக்ஸிடம் "இருப்பது ஒரே பெரிய மானிட்டர்தான்" என்று சாதித்தது. பொய் சொன்னால் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டு மானிட்டரும் வெவ்வேறு அளவில் இயங்கும் சேர்க்கைகள் பல. மொத்த அகலம் மட்டும் சில சமயம் ஒன்றாகவே வரும். எதைக் கேட்கிறார்கள் என்று டிரைவருக்குப் புரிய ஏதாவது அடையாளம் வேண்டும். விநாடிக்கு எத்தனை தடவை என்கிற எண்ணையே அடையாளமாக்கிவிட்டார்கள். முதல் சேர்க்கைக்கு 50, அடுத்ததற்கு 51, அதற்கடுத்ததற்கு 52. மானிட்டர் பாட்டுக்கு 60-ல் ஓடிக்கொண்டிருக்கும்; செட்டிங்ஸ் 51 என்று காட்டும். கண் வலிக்கிறதே, 60 ஆக்க வேண்டும் என்று மெனுவைக் குடைந்தவர்கள் பாவம், அவர்கள் தேடியது மானிட்டர் வேகத்தை, அங்கே இருந்தது டோக்கன் நம்பர். இந்தக் கம்பெனியோடு பட்ட பாட்டின் மொத்தக் கடுப்பையும் 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து ஒரே ஒரு விரலால் வெளியிட்டார். அன்றைக்குக் கேட்ட கேள்வி லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் பற்றியது, திரைகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் ட்வின்வியூவோடு மல்லுக்கட்டியவர்களும் சேர்ந்தே கைதட்டியிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

இனி கீத் பேக்கார்ட். ஜிம் கெட்டிஸும் அவரும் 2001 வாக்கிலேயே ரேண்டர் என்று ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். எக்ஸை நிறுத்தாமலே திரையின் அளவை மாற்றலாம், திருப்பலாம். மொத்தத் திரைக்கும் சேர்த்துத்தான். 2007-ல் வந்த 1.2 பதிப்பில்தான் எக்ஸுக்குப் புத்தி வந்தது: கார்டுக்குப் பின்னால் இத்தனை துளைகள் இருக்கின்றன, இவற்றில் எதில் என்ன மாட்டியிருக்கிறது, அதை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கத் தெரிந்துகொண்டது. ஃபைல் போய் எக்ஸ்ரேண்டர் என்ற கமாண்டு வந்தது. 'இதை அதற்கு ரைட்-ஆஃப்' என்று ஒரு வரி தட்டினால், ஓடுகிற டெஸ்க்டாப் அப்படியே வலப்பக்கம் நீளும். இருபது வருடம் கழித்து ஒரு வாக்கியத்தில் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அதே சமயத்தில் ஊரெங்கும் காம்பிஸ் மோகம். விண்டோவைப் பிடித்து ஆட்டினால் ஜெல்லியாக நெளியும், டெஸ்க்டாப் கனசதுரமாகச் சுழலும். விண்டோஸ்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவதற்கென்றே பலர் லினக்ஸ் போட்ட காலம். அன்றைய லேப்டாப் பலவற்றிலும் இருந்த இன்டெல் சிப்புக்கு முப்பரிமாண வேலையில் 2048 புள்ளிதான் எல்லை, அகலமானாலும் உயரமானாலும். லேப்டாப் திரை 1280 அகலம், வெளி மானிட்டர் 1280 அகலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2560. ஜெல்லி உறைந்துபோகும். விவரமானவர்கள் இதற்குக் கண்டுபிடித்த பரிகாரம், மானிட்டரை மேலே வைப்பது. லேப்டாப்பின் உயரம் 800, மானிட்டரின் உயரம் 1024, கூட்டினால் 1824, எல்லைக்குள் அடங்கிவிடும். ஆகவே மேசைமேல் வலப்பக்கம் நிற்கும் மானிட்டரை, லினக்ஸில் தலைக்குமேல் இருப்பதாக எழுதி வைத்தார்கள். பக்கத்து மானிட்டருக்குப் போக மவுஸைக் கூரையைப் பார்த்துத் தள்ள வேண்டும். ஜெல்லிக்காக மனிதர்கள் எதையும் பழகிக்கொள்வார்கள்.

சமமில்லாத இரண்டு திரைகளை ஒட்டினால் வரும் சூனியப் பிரதேசமும் இந்தக் காலத்துச் சொத்துதான். 1920-க்கு 1080 மானிட்டருக்குப் பக்கத்தில் 1366-க்கு 768 லேப்டாப். எக்ஸுக்கு இரண்டையும் அடைக்கும் ஒரு முழுச் செவ்வகம்தான் திரை. லேப்டாப்புக்குக் கீழே 312 வரி உயரத்துக்கு ஒரு பட்டை, கணக்கில் உண்டு, கண்ணுக்குக் கிடையாது. நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளி தரிசு. டெஸ்க்டாப்பில் வைத்த ஐகான்கள் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். புரோகிராம்கள் விண்டோவை அங்கே திறந்துவிட்டு, திறந்தாயிற்று என்று கையைத் தட்டிக்கொள்ளும். கீபோர்டில் ஆல்ட்டும் எஃப்7-உம் அழுத்தி, அம்புக்குறிகளால் காணாத விண்டோவைக் கண்காணும் இடத்துக்கு ஓட்டிவருவது அன்றைக்கு ஒரு கலை.

சரி, மானிட்டரே தன்னைப் பற்றிச் சொல்லாதா? சொல்லும். 1994-லிருந்தே அதற்கு ஒரு ஜாதகம் உண்டு, ஈ.டி.ஐ.டி. என்று பெயர், 128 பைட். தயாரித்த கம்பெனிக்கு மூன்றெழுத்து, மாடல் எண், சீரியல் எண், பிறந்த வருடம், வருடத்தில் எத்தனையாவது வாரம் என்பதுகூட. அகலம், உயரம் சென்டிமீட்டரில். எல்லாம் இருக்கிறது, மேசையில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது. ஆகவே வலமா இடமா என்று மனிதன் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள, "இது அதே மானிட்டர்தான்" என்று கணினி அடையாளம் காண வேண்டும். ஜாதகத்தை நம்பி அடையாளம் காணலாமென்றால், பல கம்பெனிகள் சீரியல் எண்ணைக் காலியாக விட்டுவிடும். ஆபீஸில் ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கிப் போடுவார்கள். லினக்ஸுக்கு அவை இரட்டைப் பிறவிகள், காலையில் ஒன்று எழுந்து மற்றதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். மாட்டிய துளையை நம்பலாமென்றால், டிரைவர் மாறினால் எச்.டி.எம்.ஐ1 என்பது எச்.டி.எம்.ஐ-1 ஆகிவிடும். நடுவே ஒரு சின்னக் கோடுதான். அந்தக் கோட்டுக்காகத் தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்கள் செத்து விழுந்தன.

ஜாதகத்தில் பொய்யும் உண்டு. சில டி.வி.கள் தங்கள் அளவு 16 சென்டிமீட்டருக்கு 9 என்று கூசாமல் சொல்லும். 16-க்கு 9 என்ற விகிதத்தைக் கொண்டுபோய் அளவு என்ற கட்டத்தில் எழுதிவைத்த புண்ணியவான் யாரோ. சுவரை அடைக்கும் டி.வி.யை உள்ளங்கை அளவு என்று நம்பி, ஐயோ எழுத்து தெரியாதே என்று கணினி எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கும். கடைசியில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் ஆட்கள் 160 மில்லிமீட்டருக்கு 90 என்று எவன் சொன்னாலும் நம்பாதே என்று கோடிலேயே எழுதிவிட்டார்கள்.

வி.ஜி.ஏ. கேபிளில் ஒரு ஊசி வளைந்திருந்தால் ஜாதகமே வராது. எதற்கு வம்பு என்று லினக்ஸ் 1024-க்கு 768-க்குமேல் தர மறுக்கும். அப்போது எக்ஸ்ரேண்டரிடம் நாமே ஒரு புது அளவைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். எப்படிச் சொல்வது? மோட்லைனில். ஆம், புதைத்ததுதான், எழுந்து வந்துவிட்டது. நல்லவேளையாகக் கணக்குப் போட்டுத்தர சி.வி.டி. என்று ஒரு கமாண்டு இருக்கிறது. 1920-க்கு 1080 என்றால் அது 173.00 என்று ஆரம்பித்து, மொத்த அகலம் 2576 என்று சொல்லும். எல்.சி.டி. திரையில் எலெக்ட்ரான் கற்றையே கிடையாது. இருந்தும் வரிக்கு 656 புள்ளி நேரத்தை, இல்லாத கற்றை இடப்பக்கம் திரும்பி வருவதற்காக ஒதுக்கி வைக்கிறார்கள்.

2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க், எக்ஸே வேண்டாம் என்று வேலாண்ட் எழுத ஆரம்பித்தார். எக்ஸ்11-ல் தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட பல விஷயங்கள் இதில் ஒழுங்காகிவிட்டன. எக்ஸுக்கு இரண்டு திரைக்கும் சேர்த்து ஒரே எழுத்தளவுதான். 4கே லேப்டாப்பில் கண்ணுக்கு இதமான எழுத்து, பக்கத்துப் பழைய மானிட்டரில் திருவிழா பேனர் அளவுக்கு நிற்கும். வேலாண்டில் திரைக்குத் திரை வேறு அளவு வைக்கலாம். பதிலுக்கு ஒன்றைப் பறித்துக்கொண்டது: எந்த விண்டோவுக்கும் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியக் கூடாதாம், பாதுகாப்புக் காரணமாம். நேற்று எந்த மானிட்டரில் எங்கே இருந்தோமோ அங்கேயே திறக்க வேண்டும் என்று ஒரு புரோகிராம் ஆசைப்பட்டால், ஆசையோடு நிற்க வேண்டியதுதான். எக்ஸ்ரேண்டர் தட்டிப் பார்த்தால் பதில் வரும், பொம்மைப் பதில். அதை வைத்து எதையும் நகர்த்த முடியாது. அதற்குப் பதிலாக க்னோமுக்கு ஒரு கருவி, கே.டி.இ.க்கு ஒன்று, ஸ்வேக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு நாட்டாமை.

கே.டி.இ.யில் மானிட்டரைக் கழற்றி மாட்டினால் கீழே இருக்கும் பேனல் பக்கத்துத் திரைக்குத் தாவும், அல்லது காசிக்குப் போய்விடும். 2023 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 5.27-ல்தான் அந்தப் பகுதியை அடியோடு பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களுக்கு இன்னொரு வியாதி. பவர் பட்டனை அணைத்தால் பல மாடல்கள் கேபிளையே பிடுங்கியதுபோலச் செத்துப்போகும். சாப்பிடப் போகும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்துவோம் என்று அணைப்பீர்கள். திரும்பி வந்தால் இருபது விண்டோவும் லேப்டாப் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும்.

இவ்வளவையும் சரிசெய்துவிட்டுக் கோடு எழுத வசதியாக ஒரு மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தவர்களுக்கு ஒரு கடைசி மரியாதை காத்திருந்தது. க்னோமில் டெஸ்க்டாப் நேராக இருக்கும்; லாகின் திரை மட்டும் படுத்துக் கிடக்கும். காரணம் இதுதான்: நீங்கள் இழுத்து வைத்த பெட்டிகளின் கணக்கு மானிட்டர்ஸ்.எக்ஸ்.எம்.எல். என்ற ஃபைலில், உங்கள் பெயரில் இருக்கிறது. லாகின் திரையை ஓட்டுபவர் நீங்கள் இல்லை, ஜி.டி.எம். என்ற வேறொரு பயனர். உங்கள் ஃபைலை எட்டிப் பார்க்க அவருக்கு உரிமை கிடையாது. பல வருடமாகச் சொல்லப்பட்ட வைத்தியம், ரூட்டாக நுழைந்து அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து ஜி.டி.எம்.மின் கோப்புறையில் போடுவது, மறக்காமல் அவர் பெயருக்கு உரிமை மாற்றிக் கொடுப்பது. அந்த ஃபைலில் துளையின் பெயரும் எழுதியிருப்பதால், கேபிளைத் துளை மாற்றிச் செருகினால் முதலிலிருந்து காப்பி எடுக்க வேண்டும். அதுவரை கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பாஸ்வேர்டு அடிக்கலாம். எப்படியும் அதில் புள்ளிகள்தான் தெரியும்.